வாயு புத்திரனைத் தூக்கி நிறுத்தியது யார்?

குர்கானுக்கு நான் வந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது. 2016-ல் ஊர்ப் பெயரை குருகிராம் என்று மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இன்னும் குர்கான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய டெல்லி ரோடு வழியாக வந்துகொண்டிருந்தோம். "அப்பா, மாருதின்னா ஆஞ்சநேயர்தானே? கார் கம்பெனிக்கு ஏன் அந்தப் பேரு?" என்று பையன் கேட்டான். "வாயு புத்திரன்டா, காத்து மாதிரிப் பறக்கணும்னு வெச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அந்த வாயு புத்திரன் முதல் பத்து வருடம் எழுந்து நிற்கவே இல்லை. அரசாங்கம்தான் தூக்கி நிறுத்தியது. அது பெரிய கதை. சிக்னலில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற கதை இல்லை.

1970-ல் வருடத்துக்கு ஐம்பதாயிரம் சிறிய கார்கள் தயாரிக்க சஞ்சய் காந்திக்கு அனுமதி கிடைத்தது. இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸில் பயிற்சி பெற்றுத் திரும்பிய இளைஞர். கார் தயாரித்த அனுபவம் கிடையாது, ஆனால் அம்மா பிரதமர். ஹரியானா முதல்வர் பன்சிலால் இங்கே குர்கானில் நிலம் ஏற்பாடு செய்து கொடுத்தார். 1971-ல் மாருதி லிமிடெட் பிறந்தது. கார் வருவதற்கு முன்பே டீலர்களிடம் டெபாசிட் வாங்கினார்கள். டெபாசிட் வந்தது, கார் வரவில்லை. நாடாளுமன்றத்தில் மது லிமாயே, ஜோதிர்மாய் பாசு போன்றவர்கள் இதைக் கேள்விக்கு மேல் கேள்வியாகக் கேட்டார்கள். மாருதி என்றாலே குடும்ப ஆட்சியின் மறுபெயர் என்று ஆகிப் போனது.

1977 தேர்தலில் காங்கிரஸ் தோற்றது. நெருக்கடி நிலைதான் முக்கியக் காரணம் என்றாலும், மாருதியும் அந்தக் குற்றப்பட்டியலில் இருந்தது. ஜனதா அரசு நீதிபதி ஏ.சி.குப்தா தலைமையில் மாருதி விவகாரத்துக்கென்றே ஒரு விசாரணைக் கமிஷன் போட்டது. 1978-ல் கம்பெனியைக் கலைக்கச் சொல்லி பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1980-ல் இந்திரா காந்தி மறுபடி ஆட்சிக்கு வந்தார். அந்த ஜூன் 23-ம் தேதி சஞ்சய் விமான விபத்தில் இறந்தார். அக்டோபரில் ஒரு அவசரச் சட்டம் போட்டு அரசு மாருதியை எடுத்துக்கொண்டது. மகனின் தோற்றுப்போன கனவை மக்கள் பணத்தில் நிறைவேற்றுகிறார் என்று எதிர்க்கட்சிகள் சொன்னதில் நியாயம் இருந்தது. எத்தனையோ தொழிற்சாலைகள் மூடிக் கிடந்த தேசத்தில் இது ஒன்றுக்கு மட்டும் ஏன் இந்தக் கரிசனம்?

இந்த இடத்தில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். வி.கிருஷ்ணமூர்த்தி. தஞ்சைப் பக்கம் கருவேலி கிராமத்தில் 1925-ல் பிறந்தவர், திருச்சி பெல் ஆலையை வளர்த்தவர். 1981-ல் மாருதி உத்யோக் பிறந்தபோது பொறுப்பு அவரிடம் வந்தது. கூடவே ஆர்.சி.பார்கவா. பழைய கம்பெனியின் வடிவமைப்பை அவர்கள் தொடவில்லை. வெளிநாட்டுக் கூட்டாளி தேடினார்கள், 1982 அக்டோபரில் சுசுகியோடு ஒப்பந்தம் ஆனது. சுசுகிக்கு 26 சதவீதப் பங்கு. 1983 டிசம்பர் 14, சஞ்சயின் பிறந்த நாளன்று, முதல் காரின் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார்.

ஆக, அரசாங்கம் காப்பாற்றியது எதை? நிலத்தையும் பெயரையும்தான். கார், தொழில்நுட்பம், வேலை செய்யும் முறை எல்லாமே புதிது. அதனால்தான் பிழைத்தது என்பது என் எண்ணம்.

இங்கிலாந்தில் நேர்மாறு. பிரிட்டிஷ் லேலண்டை 1975-ல் ஹெரால்ட் வில்சனின் தொழிற்கட்சி அரசு எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட உதவிகளையே எதிர்த்துப் பேசிய தாட்சர் கூட, ஆட்சிக்கு வந்தபின் கைவிட முடியாமல் பணம் கொடுத்தார். கடைசியில் அதன் வாரிசான எம்.ஜி.ரோவர் 2005-ல், அதுவும் பொதுத்தேர்தல் நேரத்தில், படுத்தேவிட்டது. அமெரிக்காவில் 2008 டிசம்பரில் புஷ் அவசரக் கடன் கொடுத்தார். 2009-ல் ஒபாமா ஜெனரல் மோட்டார்ஸையும் கிரைஸ்லரையும் திவால் நடைமுறை வழியாகக் கொண்டுபோய் மீட்டார். 2012 தேர்தலில் கார் ஆலைகள் நிறைந்த மிச்சிகனும் ஒஹையோவும் அவர் பக்கம் நின்றன. 2016-ல் அதே இரண்டு மாநிலங்களும் டிரம்ப் பக்கம் போயின. காப்பாற்றிய நன்றிக்கு ஆயுசு ஒரு தேர்தல்தான் போலிருக்கிறது.

மாருதி யாருக்கும் ஓட்டு வாங்கித் தந்ததாக நான் நினைக்கவில்லை. அன்று கார் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்! 1984 டிசம்பரில் காங்கிரஸ் ஜெயித்தது இந்திரா காந்தி கொல்லப்பட்ட அனுதாபத்தில். மாருதியின் அரசியல் விளைவு வேறு இடத்தில் இருக்கிறது. ஊழலின் அடையாளமாக இருந்த ஒரு பெயரை, பத்தே வருடத்தில் நடுத்தர வர்க்கத்தின் ஆசையாக மாற்றியது. வெளிநாட்டுக் கம்பெனி என்றாலே முகம் சுளித்த தேசத்துக்கு, கூட்டு சேர்ந்தாலும் குடி முழுகாது என்று காட்டியது. 1991-க்கு அது ஒரு ஒத்திகை.

அரசியல்வாதிகளுக்கு மட்டும் விட்டுப்போக மனசில்லை. 1997-ல் பாஸ்கருடு என்பவரை அரசு நிர்வாக இயக்குநராக நியமிக்க, சுசுகி எதிர்த்து நீதிமன்றம், சர்வதேச நடுவர் மன்றம் என்று போனது. அப்போது தொழில்துறை மந்திரி முரசொலி மாறன். 1998-ல் ஆட்சி மாறியபின் சமரசம் ஆனது. 2002-ல் கட்டுப்பாட்டை சுசுகியிடம் விட்டுக்கொடுத்து ஆயிரம் கோடி ரூபாய் வாங்கிக்கொண்டது அரசு. 2007-ல் மிச்சப் பங்குகளையும் விற்று முழுதாக வெளியேறியது. மக்கள் பணம் லாபத்தோடு திரும்பியது என்றுதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு பெரியப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இருந்தால் தப்பு.

மாருதி ஓடத் தொடங்கிய காலத்தில் சென்னையில் பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் இருந்தது. 1985-ல் அவர்கள் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. அந்த எண்பதுகள் முடிவதற்குள் கார் உற்பத்தி நின்றது. அவர்களைத் தூக்கி நிறுத்த அவசரச் சட்டம் எதுவும் வரவில்லை. பெரியப்பா வேலை பார்த்தது வேறொரு சின்ன உதிரிபாகக் கம்பெனியில், பெயர் வேண்டாம். பழைய மாடல் கார்களுக்கான ஆர்டர் குறைந்துகொண்டே வந்து ஒரு நாள் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. அதன்பின் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதினார். அக்காவின் கல்யாணம் இரண்டு வருடம் தள்ளிப் போனது.

நான் இங்கே வந்த புதிதில் ஊரைச் சுற்றிப் பார்க்க வந்திருந்தார். மாருதி ஆலை கேட் முன்னால் வண்டியை நிறுத்தச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க முதலாளியோட அம்மா பிரதம மந்திரியா இல்லையேப்பா."

அதற்கு அன்றும் என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. நான் சம்பளம் வாங்கும் இந்த ஊரே அந்த ஆலையைச் சுற்றி வளர்ந்ததுதான். அது பிழைத்ததால்தான் எனக்கு இங்கே சோறு. ஆனால் கணக்குப் பார்க்கும்போது பெரியப்பாவையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்? எதைக் காப்பாற்றுவது என்று அரசாங்கம் முடிவு செய்யும்போதே, எதை விட்டுவிடுவது என்பதும் முடிவாகிவிடுகிறது. முதல் முடிவுக்கு ரிப்பன் வெட்டுகிறார்கள். இரண்டாவது எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

பையனுக்கு அடுத்த ஞாயிறு முழுக் கதையையும் சொல்லப் போகிறேன். பெரியப்பாவிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.