மலை ஏறிய படகுகள்

படகு நீரில் செல்வது இயல்பு. அதனை நிலத்தில் இழுத்துச் செல்வதற்கு எத்தனை கைகள் வேண்டும் என்பதை ஒரு வரலாற்று நிகழ்ச்சி வாயிலாக இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதல் உலகப் போர்க் காலம். ஆப்பிரிக்காவின் நடுவே உள்ள தங்கனீக்கா ஏரியின் கீழ்க்கரை ஜெர்மானியரிடமும், மேல்கரை பெல்ஜியரிடமும் இருந்தன. ஜெர்மானியரின் போர்க்கலங்களே ஏரியை ஆண்டன. அவற்றை எதிர்க்க விசைப்படகுகளைத் தரை வழியே கொண்டு செல்லலாம் என்று, 1915-ஆம் ஆண்டில் ஜான் லீ என்னும் வேட்டைக்காரர் லண்டனில் கடற்படைத் தலைமையிடம் யோசனை கூறினார். 'மிமி', 'டூட்டூ' என்னும் 40 அடி நீளப் படகுகள் இரண்டு தேர்ந்தெடுக்கப்பட்டன. ஸ்பைசர்-சிம்சன் என்பவர் தலைவரானார்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் புறப்பட்ட படகுகள் கப்பலில் கேப்டவுனை அடைந்தன. அங்கிருந்து ரயிலில் 2,000 மைலுக்கு மேல் வடக்கே சென்று, காங்கோ நாட்டின் ஃபுங்குருமேயில் இறங்கின. தண்டவாளம் அங்கே முடிந்தது. மிதும்பா மலை எதிரே நின்றது. ஏறத்தாழ 150 மைல் தூரத்திற்குக் காட்டை வெட்டிப் பாதை அமைத்தார்கள். ஓடைகள்தோறும் மரப் பாலங்கள் கட்டினார்கள். சக்கரங்கள் பூட்டிய படகுகளை நீராவி எஞ்சின்கள் இழுத்தன. செங்குத்தான இடங்களில் எஞ்சின் திணறியபோது, மரங்களில் கப்பி கட்டிக் கயிறு கோத்து, எருதுகளும் மனிதரும் இழுத்தனர். எஞ்சினுக்கு வேண்டிய நீர் அருகில் கிடைக்காதபோது, அவ்வூர்ப் பெண்கள் குடங்களில் தொலைவிலிருந்து சுமந்து வந்தனர்.

மலையைக் கடக்க ஏறத்தாழ ஆறு வாரங்கள் ஆயின. பிறகு ரயிலும் லுவலாபா ஆறும் படகுகளை ஏரிக்கரையில் சேர்த்தன. கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களுக்கு முன் அவை நீரில் இறக்கப்பட்டன. டிசம்பர் 26 அன்று 'கிங்கானி' என்னும் ஜெர்மானியக் கலம் பிடிபட்டது. 1916 பிப்ரவரி 9 அன்று மற்றொரு கலம் மூழ்கடிக்கப்பட்டது. யோசனை சொன்ன லீயோ, பயணம் முடியுமுன்னரே குழுவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார்.

ஆசிரியப் பணியில் இருந்தபோது இதனை வகுப்பில் விளக்கி, தளபதியின் பெயரைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, தண்ணீர் சுமந்தவர்களின் பெயரை எழுதவில்லையே?" என்றான். நான் கையிலிருந்த சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அப்பெயர்களை எந்தப் பாடநூலும் எனக்குக் கற்பிக்கவில்லை. நானும் அதுவரை தேடியதில்லை.

ஐரோப்பியர் தமக்குள் தொடங்கிய போருக்காக, அம்மக்கள் தம் மண்ணில் வழி வெட்டினர். தம் தலையில் நீர் சுமந்தனர். அவர்கள் தோள் கொடுத்திராவிடில் படகுகள் மலையடியிலேயே கிடந்திருக்கும். ஆகவே மாணவர்களே, வரலாற்றில் ஒரு வெற்றியைப் படிக்கும்போதெல்லாம், "படகை இழுத்தவர் யார்?" என்று கேளுங்கள். என் மாணவன் எனக்குக் கற்பித்த பாடம் அதுவே.