வளரும் பன்றித் தீவனத்தில் மாற்றுத் தானியங்கள்

வளரும் பன்றிகளின் கலப்புத் தீவனத்தில் மக்காச்சோளத்துக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ இடப்படும் சோளம், கம்பு, பார்லி, கோதுமை, அரிசி நொய் முதலியவை மாற்றுத் தானியங்கள் எனப்படுகின்றன. இந்தியாவில் கோழித் தீவன ஆலைகளும் மாவுச்சத்து ஆலைகளும், அண்மைக் காலமாக எத்தனால் ஆலைகளும், மக்காச்சோளத்தைப் போட்டிபோட்டு வாங்குவதால் இவற்றின் தேவை கூடியுள்ளது. டென்மார்க்கிலும் மேற்குக் கனடாவிலும் பார்லியும் கோதுமையுமே வழக்கமான தீவனம். அங்கே மக்காச்சோளம்தான் மாற்று.

தானியத்தைச் சேர்ப்பது முதன்மையாக எரிசக்திக்காக. ஆனாலும் கிலோவுக்குக் கிலோ மாற்றினால் கணக்கு தவறிவிடும். மக்காச்சோளத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் சுமார் 0.25%, பார்லியில் சுமார் 0.4%. 100 கிலோ தீவனத்தில் உள்ள 60 கிலோ மக்காச்சோளத்தை எடுத்துவிட்டுப் பார்லி போட்டால் ஏறத்தாழ 90 கிராம் லைசின் கூடும். 3 கிலோ சோயாப் புண்ணாக்கு தரும் அளவு அது. மறுபுறம், பார்லியின் உமியும் நாரும் எரிசக்தியைப் பத்தில் ஒரு பங்கு குறைத்துவிடும். பெரிய பன்றி கூடுதலாகத் தின்று அதை ஈடுகட்டிக்கொள்ளும். 20 கிலோ எடையுள்ள குட்டியின் வயிற்றில் அதற்கு இடமில்லை.

ஊட்ட மதிப்பில் மக்காச்சோளத்துக்கு மிக அருகில் இருப்பது சோளம். டானின் என்னும் துவர்ப்புப் பொருள் குறைந்த வகையானால் சுமார் 95% ஈடாகும். டானின் மிகுந்தால் புரதம் சரியாகச் செரிக்காது. மணி சிவப்பாக இருப்பதாலேயே டானின் மிகுதி என்று முடிவுகட்டக் கூடாது. கம்பில் புரதமும் எண்ணெயும் மக்காச்சோளத்தைவிடச் சற்று அதிகம். சோளம், கம்பு இரண்டும் சிறிய, கெட்டியான மணிகள். சரியாக அரைக்காவிட்டால் கழிவில் முழு மணியாகவே வெளியேறும். விலையைப் பார்ப்பவர்கள் பலர் அரவை ஆலையின் சல்லடைக் கண்ணைப் பார்ப்பதில்லை. கோதுமைக்கு இது நேர்மாறு: மாவாக அரைத்தால் இரைப்பையில் புண் உண்டாகும். அதிலுள்ள பைட்டேஸ் நொதியால் பாஸ்பரஸ் கூடுதலாகக் கிடைப்பது ஓர் ஆதாயம். நொய்யில் நார் மிகக் குறைவு, எளிதில் செரிக்கும்.

பூஞ்சணம் பிடித்த தானியம் எதுவானாலும் தீவனம் உட்கொள்வது குறையும். கம்பிலும் ரை தானியத்திலும் எர்காட் பூஞ்சை தாக்கி, மணியிருக்க வேண்டிய இடத்தில் கருத்த கட்டிகள் உருவாவதுண்டு. அத்தகைய தானியத்தைச் சினைப்பன்றிக்கு அறவே கொடுக்கக் கூடாது. கொடுத்தால் ஈன்ற பின் பால் சுரக்காது.