இலட்சுமிகாந்தன் கொலை வழக்கும் மேல்முறையீட்டின் மாண்பும்

பண்டைத் தமிழகத்தின் வடவெல்லையெனப் புலவர் போற்றிய வேங்கடத்தின் அடிவாரத்தில் வாழ்ந்து, ஆண்டுதோறும் தமிழின் பெயரால் ஒன்றுகூடும் நமக்குச் சிலப்பதிகாரக் கதை புதிதன்று. பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பிப் பாண்டியன் ஆணையிட்டான், கோவலன் வெட்டுண்டான். அவன் தரப்பைக் கேட்டார் இல்லை. பின்னர்க் கண்ணகி அரசவை புகுந்து வழக்குரைத்தாள், சிலம்பு உடைந்தது, அதனொடு தீர்ப்பும் உடைந்தது. ஆயினும் மாண்டவன் மீண்டானில்லை. தீர்ப்பை மறுமுறை ஆராய்வதற்கு ஒரு வழி முன்னரே இருந்திருக்குமாயின், மதுரை எரிந்திராது அன்றோ?

அவ்வழி இருந்தமையால் இருவர் சிறை மீண்ட வரலாறு ஒன்றும் நம் தமிழகத்தில் உண்டு. அதுவே இலட்சுமிகாந்தன் கொலை வழக்கு.

இரயில்வேயில் பணியாற்றிய என் பாட்டனார் அந்நாளில் பாகாலா சந்திப்பில் இருந்தார். சென்னையிலிருந்து வண்டியில் வந்திறங்கும் செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிக்க, நடைமேடையில் தமிழரும் தெலுங்கரும் சூழ்ந்து நின்று கேட்பராம். அக்காலத்தே சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இவ்வூர் வழக்குகளும் சென்னை உயர்நீதிமன்றத்துக்கே சென்றன. ஆதலின் அவ்வழக்கு இங்குள்ளோர்க்கும் சொந்த வழக்காகவே தோன்றிற்று.

சி. என். இலட்சுமிகாந்தன் என்பார் முன்னர்ப் பொய்யாவணக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர். 1943ஆம் ஆண்டில் 'சினிமா தூது' என்னும் இதழைத் தொடங்கி, திரைப்படத் துறையினரின் அந்தரங்க வாழ்வைப் பற்றி எழுதினார். பணம் தந்தவர் பெயர் மறையும். தராதவர் பெயர் அச்சேறும் என்று அந்நாளில் பேசப்பட்டது. நடிகர் எம். கே. தியாகராஜ பாகவதரும், என். எஸ். கிருஷ்ணனும், பட அதிபர் ஸ்ரீராமுலு நாயுடுவும் மாகாண ஆளுநரிடம் விண்ணப்பித்தனர். இதழின் உரிமம் நீக்கப்பட்டது. அவரோ 'இந்து நேசன்' என்னும் வேறோர் இதழின் வாயிலாக முன்போலவே எழுதலானார்.

1944 நவம்பர் 8ஆம் நாள், சென்னை வேப்பேரிப் பகுதியில் கைரிக்ஷாவில் சென்றுகொண்டிருந்த அவரைச் சிலர் கத்தியால் குத்தினர். மறுநாள் அரசு பொது மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். அடுத்த மாதத்தில் பாகவதரும் கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். ஸ்ரீராமுலு நாயுடுவும் குற்றவாளிக் கூண்டில் ஏறினார். அவர்கள் கத்தி எடுத்தனர் என்பது குற்றச்சாட்டன்று. கொலைக்குச் சதி செய்தனர் என்பதே குற்றச்சாட்டு.

பாகவதர் அன்றிருந்த நிலையை இளையோர் அறிதல் வேண்டும். 1944 தீபாவளிக்கு வெளிவந்த அவருடைய 'ஹரிதாஸ்', சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. வெளியே அவர் குரலைக் கேட்க மக்கள் சீட்டு வாங்கிக்கொண்டிருக்க, உள்ளே அவர் சிறைக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நம் சித்தூரின் பெயரைத் தம் பெயரொடு தாங்கிய நாகையா அவர்கள், 1941இல் வந்த 'அசோக்குமார்' படத்தில் அசோகச் சக்கரவர்த்தியாக அவருடன் நடித்தவர். குற்றமற்ற மகனைத் தந்தையாகிய அரசன் தண்டிக்கும் கதை அது. நான்கே ஆண்டில் அக்கதையின் நிழல் நாயகன் மீதே விழுந்தது.

வழக்கு உயர்நீதிமன்றத்தின் செஷன்ஸில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில், ஒன்பது ஜூரர்களோடு நடந்தது. உடன் குற்றம் சாட்டப்பட்டோருள் ஒருவர் அப்ரூவராக மாறிச் சாட்சியம் அளித்தார். 1945 மே 3ஆம் நாள், ஜூரர்களின் பெரும்பான்மை முடிவை ஏற்று, பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார்.

இவ்விடத்தில் சட்டத்தின் வரலாறு ஒன்றை நினைத்தல் வேண்டும். உயர்நீதிமன்றமே நேராக விசாரித்து ஜூரியைக் கொண்டு தண்டித்தால், சாட்சியங்கள் போதா என்று சொல்லி மேல்முறையிட நெடுங்காலம் இந்நாட்டில் வழியில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 411ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்ட பின்னரே அவ்வழி திறந்தது. அது சேர்க்கப்பட்டது 1943ஆம் ஆண்டில். கொலை நடந்தது 1944இல். கதவு திறந்து ஓராண்டு கழிந்ததும் இவர்கள் வந்து நின்றனர் என்க. இங்கிலாந்திலும் இக்கதவு எளிதில் திறக்கவில்லை. அடால்ஃப் பெக் என்பார் வேறொருவன் செய்த மோசடிக்காக ஆள்மாறாட்டத்தால் 1896இலும் 1904இலும் குற்றவாளியென முடிவு செய்யப்பட்டார். அதனால் எழுந்த கலக்கத்தின் பின்னரே, 1907இல் ஆங்கேயும் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டமாயிற்று.

திறந்த கதவும் இவர்க்கு உடனே உதவவில்லை. 1945இலேயே முதல் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. கிருஷ்ணனின் துணைவியார் டி. ஏ. மதுரம் அம்மையார் மனந்தளராது வழக்குக்குப் பொருள் திரட்டினார். வழக்கு கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சிலை அடைந்தது. அவர்கள் மேல்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு சென்னைக்கே திருப்பியனுப்பினர். நீதிபதிகள் ஹாப்பெல், ஷகாபுதீன் ஆகிய இருவர் மறுமுறை கேட்டனர், தண்டனையை நீக்கினர். 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றனர்.

அவ்விசாரணையில் வாதாடிப் புகழ் பெற்றவர் வழக்கறிஞர் வி. எல். எத்திராஜ். அவர் 1890இல் வேலூரில் பிறந்தவர். அந்நாளில் வேலூர் வடஆர்க்காடு மாவட்டத்து ஊர். அம்மாவட்டத்தின் தலைநகரோ நம் சித்தூர். 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. ஆதலின் அவரை நம்மவர் என்று உரிமை கொண்டாடுவதில் பிழையில்லை.

அப்ரூவரின் சொல்லைச் சட்டம் அறவே தள்ளுவதில்லை. 2024 வரை நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் அவர் சொல்லைக் கொண்டு தண்டிக்கலாம் என்று ஓரிடத்தில் கூறிற்று. முக்கியமான செய்திகளில் வேறு சான்று துணை நின்றாலன்றி அவர் நம்பத்தகாதவர் எனக் கொள்ளலாம் என்று மற்றோரிடத்தில் கூறிற்று. தன் கழுத்தைக் காக்கப் பிறன் கழுத்தைக் காட்டுவோன் சொல் அது ஆதலின், இவ்வெச்சரிக்கை. கோவலன் கதையிலும் பொற்கொல்லனே மெய்யான கள்வன் என்பதை அன்பர்கள் நினைவு கூர்க.

இதனை ஏட்டறிவு கொண்டு மட்டும் நான் எழுதவில்லை. பல்லாண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் பார்சல் ஒன்று காணாமற் போயிற்று. உடனிருந்தவர் ஒருவர் தாம் தப்பும்பொருட்டு என் பெயரைச் சொன்னார். அச்சொல் ஒன்றைக் கொண்டே என் ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. மேலதிகாரிக்கு முறையீடு எழுதினேன். அவர் வருகைப் பதிவேட்டைத் தருவித்துப் பார்த்தார். அன்று நான் விடுப்பில் இருந்தமை அதிலேயே எழுதியிருந்தது. தண்டனை நீங்கிற்று. ஆனால் முறையீட்டுக்கும் ஆணைக்கும் இடையே பதினொரு மாதம் சென்றது. அவ்விடையில் என் தந்தையார் காலமானார். மகன் குற்றமற்றவன் என்னும் காகிதத்தை அவர் காணவில்லை.

என் சிறு துன்பத்தைப் பெரியோர் துன்பத்தோடு ஒப்பிடுதல் தகாது. எனினும் மேல்முறையீடு எதனைத் தரும், எதனைத் தராது என்பதை அன்று உணர்ந்தேன். கைதான நாள் தொட்டு விடுதலை வரை பாகவதரும் கிருஷ்ணனும் இழந்தது ஏறத்தாழ இரண்டு ஆண்டும் நான்கு மாதமும். கலைவாணர் மீண்டும் எழுந்து, மக்களைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்து, 1957இல் மறைந்தார். பாகவதர்க்கோ பழைய காலம் திரும்பவில்லை. 'ராஜமுக்தி' முதலாய பிற்காலப் படங்களை மக்கள் முன்போல் வரவேற்கவில்லை. 1959 நவம்பர் 1ஆம் நாள், ஐம்பது நிரம்பாத அகவையில் அவர் காலமானார்.

இழந்தவர் மற்றொருவரும் உண்டு, அவர் இலட்சுமிகாந்தன். அவர் எழுதியது எத்தகையதாயினும், அதற்குக் கத்தி மறுமொழியாகாது. அவரைக் கொன்றார் யார், கொல்லுவித்தார் யார் என்பது இன்றுவரை ஐயமறத் தெளியவில்லை. பிழையான தண்டனை குற்றமற்றவனை வருத்துவதோடு நில்லாது, மெய்க் குற்றவாளியைத் தேடும் கண்ணையும் மூடிவிடுகின்றது.

பிரிவி கவுன்சிலின் அதிகாரம் 1949இல் நீங்கிற்று; ஜூரி முறையும் பின்னர் மறைந்தது. ஆந்திர மாநிலம் தோன்றியபின், சித்தூரின் வழக்குகள் 1954 முதல் சென்னை செல்லவில்லை. மன்றங்கள் மாறின, மறுமுறை கேட்கும் முறை மட்டும் நிலைத்தது. அதனை நாம் நம் இல்லத்திலும் அலுவலகத்திலும் சங்கத்திலும் கைக்கொள்வோமாக. ஒருவர் மீது பழி வந்து சேருமாயின், சொன்னவன் யார், அவனுக்கு ஊதியம் என்ன, துணைச் சான்று எது என்று கேட்போமாக. அக்கேள்வியைக் காலந்தாழ்த்தாது கேட்பதே கண்ணகியின் சிலம்பு நமக்குக் கற்பித்த பாடம்.