லயத்து வாசலில் எத்தனை எம்பிபிஎஸ்?

2016 பெப்ரவரியில கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில பெரிய பலூன் ஒன்று விழுந்து கிடந்தது. கூகுளின் 'லூன்' திட்டத்துப் பலூன் அது. வானத்தில மிதந்தபடியே இலங்கை முழுக்க இணையம் தருவதுதான் திட்டம். சோதனைக்கு வந்த பலூன், திட்டப்படிதான் இறக்கினோம் என்றார்கள் அதிகாரிகள். 2021ல லூனையே மூடிவிட்டார்கள். மலையகத்துக்கு இணையம் வந்த கதையில இது ஒரு சின்ன அத்தியாயம். ஆனா அந்தக் கதைக்குப் பின்னால பழைய கேள்வி ஒன்று இருக்கு: கம்பி எங்கே வரைக்கும் வந்தது, எங்கே நின்னது?

ரயில் 1884ல அட்டனுக்கும் 1885ல நானுஓயாவுக்கும் வந்தது. கொழுந்து பறித்தவங்களுக்காக அது வரல்ல, தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் வந்தது. தொலைபேசியும் அப்படித்தான். தோட்டத்துக்கு போன் வந்தது என்றால் துரை பங்களாவுக்கும் தோட்ட ஆபிசுக்கும் வந்தது என்று அர்த்தம். லயத்துக்குத் தனி முகவரிகூட இல்ல. கடிதம் தோட்ட ஆபிசுக்குப் போகும், அங்கேயிருந்து எப்போ கைக்கு வருமோ தெரியாது. நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கடிதம் கிடைத்த கதை இல்லாத தோட்டம் உண்டா?

வீட்டு இணையம் இந்த வரலாற்றுக்கு மேலதான் வந்து உட்காருது. வீட்டுக்குக் கேபிள் இழுக்க வாசல் வரைக்கும் கம்பம் வேணும், பில் வர முகவரி வேணும், வீடு நம்ம பேரில இருக்கணும். லயமும் அது நிற்கிற நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். 1992ல தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குக் கைமாறினபோதும் இந்த நிலைமை மாறல்ல. அதனாலதான் நம்மில் பலருக்கு 'வீட்டு இணையம்' என்றால் டொங்கல், இல்லாட்டி ஜன்னலோரம் வைத்த போனின் ஹொட்ஸ்பொட். கேபிள் கிடைத்திருப்பது பெரும்பாலும் நகரத்தில, கடைவீதியில, தனிவீடுகளில.

கிடைத்தவங்களும் 'பேப்பர்ல ஒரு வேகம், வீட்டுல ஒரு வேகம்' என்பார்கள். இதை அளந்து பார்க்கிற வேலைக்கும் நம்ம பக்கத்திலேயே ஒரு வரலாறு இருக்கு. 2000களின் பிற்பகுதியில கொழும்பைச் சேர்ந்த லேர்ன் ஏஷியா ஆய்வு நிறுவனமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து ஒரு சோதனைக் கருவி செய்தன. அதுக்கு 'அசோக–திஸ்ஸ' என்று பேர். இந்தியப் பேரரசர் ஒருவர், இலங்கை மன்னர் ஒருவர். அது வெறும் வேகத்தை மட்டும் பார்க்கல்ல. தரவு போய் வர எடுக்கிற நேரம், அந்த நேரம் கூடிக் குறையும் அளவு, வழியில தொலையும் பொதிகள் என்று எல்லாத்தையும் பார்த்தது. அதுவும் மூன்று தூரத்துக்கு: வழங்குனரின் சொந்த வலையமைப்புக்குள்ள, நாட்டுக்குள்ள, வெளிநாட்டுக்கு.

இந்தப் பிரிப்புத்தான் முக்கியம். போனில் நாம தட்டுகிற வேகச் சோதனை பொதுவா கிட்ட இருக்கிற சேர்வரைத்தான் தேடிப் பிடிக்கும். ஆனா நாம பார்க்கிற பாடம் சிங்கப்பூரில இருக்கலாம். கண்ணாடி இழையில ஒளி ஒரு மில்லி செக்கனுக்கு 200 கிலோமீட்டர் அளவில போகும். நுவரெலியாவில இருந்து கொழும்புக்குப் போய்த் திரும்ப 2 மில்லி செக்கன் போதும். சிங்கப்பூருக்கு எவ்வளவு நல்ல கேபிளா இருந்தாலும் 25க்குக் கீழ இறங்காது. கொழும்புக்கே 80, 100 என்று காட்டினால் தாமதம் தூரத்தால வரல்ல. ஒன்று வீட்டு வைஃபை, இல்லாட்டி நெரிசல்.

அதனால வீட்டில் கேபிள் இருக்கிறவங்க இப்படிச் செய்து பாருங்க. முதல்ல கணினியை ரவுட்டரில வயரால நேரடியா இணைங்க. வைஃபையில அளந்தால் நீங்க அளப்பது சுவரைத்தான். மற்ற போன்களை நிறுத்தி வைங்க. காலை 6 மணிக்கு ஒரு தடவை, இரவு 8 மணிக்கு ஒரு தடவை என்று ஒரு வாரம் எழுதி வைங்க. ஒருமுறை கொழும்பு சேர்வர், ஒருமுறை வெளிநாட்டு சேர்வர். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, பைட் வேணுமென்றால் எட்டால வகுக்கணும். 16 எம்பிபிஎஸ் லைனில் ஒரு செக்கனுக்கு 2 எம்பிதான் இறங்கும், அது ஏமாத்து இல்ல. காலையில 16, இரவில 3 என்றால் அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கையில ஒரு வாரக் கணக்கு இருந்தால் 'ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க' என்ற பதிலோட திரும்பி வரத் தேவையில்ல.

ஆனா எந்த வேகச் சோதனையும் காட்டாத ஒன்று இருக்கு. இணைப்பு இருக்கிற வீடுதான் சோதனை செய்யும். இணைப்பே இல்லாத லயம் சராசரியில பூச்சியமாகக்கூட விழாது, கணக்கிலேயே வராது. 2020 மார்ச்சில பள்ளிக்கூடங்களை மூடி 'ஓன்லைன் வகுப்பு' என்றபோது இது வெளியில வந்தது. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கும் பாறைக்கும் ஏறினாங்க. அந்த மாதங்களின் சராசரி வேகத்தில அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தாங்க?

2025 ஜூலையில ஸ்டார்லிங்க் இலங்கையில சேவை தொடங்கியது. கம்பமும் கேபிளும் இல்லாமலே மலைக்கு இணையம் வரும் என்பது உண்மை. ஆனா நாள் சம்பளத்தில ஓடுகிற குடும்பத்துக்கு அந்த மாதக் கட்டணம் எட்டாது. பலூன் காலத்து நம்பிக்கையைத் திரும்பவும் வானத்தில கட்டிவிட்டுக் காத்திருக்க நாங்க தயாரில்ல.

இதனால நாங்க ஒன்று கேட்கிறோம். உங்க தோட்டத்தில எந்த லயம் வரை கேபிள் வந்திருக்கு, எங்கே போனில் ஒரு கோடு சிக்னல், எங்கே எதுவுமே இல்ல என்று ஒரு கொப்பியில எழுதுங்க. இல்லாத இடத்துக்குப் பூச்சியம் போடுங்க. முகவரி கேட்டுப் போராடினவங்களும் கடிதம் வராத வீடுகளை எண்ணித்தான் ஆகவேண்டியிருந்தது. நாமும் எண்ணுவோம்.