கேமரா பார்க்கும் கம்ப்யூட்டர் ஏன் கொதிக்கிறது? ஒரு சின்ன வரலாறு

பொங்கலுக்கு ஐயம்பேட்டை போயிருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் இருக்கும் நெசவாளர் ஊர். மாமா வீட்டில் தறி இன்னும் ஓடுகிறது. தறிக்கூடத்தில் இருக்கிற பீரோவில் பட்டும் ஜரிகையும். ஜரிகையை அங்கே மார்க் கணக்கில்தான் சொல்வார்கள், ஒரு மார்க் சுமார் 240 கிராம். வெள்ளி விலை ஏற ஏற அந்த பீரோ மேல் மாமாவுக்குக் கவலையும் ஏறி, வீட்டைச் சுற்றி நாலு கேமரா மாட்டிவிட்டார். நான் எப்போதோ கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் கேமரா சாஃப்ட்வேர் ஓடுகிறது.

"ஏம்ப்பா, நீ கம்ப்யூட்டர் வேலைதானே பாக்குற? இது ஏன் இப்படிக் கத்துதுன்னு கொஞ்சம் பாரேன். தறிச் சத்தத்தையே அமுக்கிடுது" என்றார்.

பார்த்தேன். ப்ராசஸர் 95 சதவீதத்தில் நிற்கிறது. படம் நின்று நின்று வருகிறது. முந்தின வாரம் ராத்திரி ரெக்கார்டிங்கில் நடுநடுவே ஓட்டை. கேமரா மாட்டினவர் புது மெஷின் வாங்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமாவுக்கு அது ஒரு சேலையின் கூலியை விடப் பெரிய தொகை. வாங்காமல் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கப் போய், இந்த சுமை எங்கிருந்து வருகிறது என்ற வரலாற்றில் மாட்டிக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

கம்ப்யூட்டரோடு இணைத்த கண்காணிப்புக் கேமராக்களில் பிரபலமான முதல் ஒன்று காபிக்காக வந்தது. 1991, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினித் துறை. ட்ரோஜன் ரூம் என்ற அறைக்கு வெளியே ஒரே ஒரு காபி மெஷின். மற்ற மாடிகளில் இருப்பவர்கள் படியேறி வந்து பார்த்தால் ஜாடி காலி. க்வென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசரும் பால் ஜார்டெட்ஸ்கியும் ஒரு கேமராவை ஜாடியின் மேல் திருப்பி வைத்தார்கள். 128க்கு 128 பிக்சல், கறுப்பு வெள்ளை, நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று படம். 1993-ல் அது இணையத்துக்கு வந்து உலகப் புகழ் பெற்றது, 2001 ஆகஸ்டில் அணைத்தார்கள். எனக்குப் பிடித்தது அந்த "நிமிடத்துக்கு மூன்று". ஜாடி மெதுவாகத்தான் நிரம்பும், அதற்கு மேல் எதற்கு? மாமா வீட்டில் ஆள் போகாத கொல்லைப்புறச் சுவரை ஒரு கேமரா வினாடிக்கு 25 தடவை படம் பிடித்துக்கொண்டிருந்தது.

கணக்கைப் பார்ப்போம். மாமாவின் கேமரா 2560க்கு 1440. ஒரு படத்தில் 36,86,400 பிக்சல். வினாடிக்கு 25 படம் என்றால் 9 கோடியே 21 லட்சம். நாலு கேமராவுக்கும் சேர்த்து வினாடிக்கு 36 கோடியே 86 லட்சம் பிக்சல். சுருக்காமல் அனுப்பினால் ஒரு கேமராவுக்கே வினாடிக்கு 138 மெகாபைட் ஆகும். கேமரா அனுப்புவதோ அரை மெகாபைட். இருநூற்றைம்பது மடங்குக்கு மேல் சுருக்கம். அந்தச் சுருக்கத்தைப் பிரிக்கிற வேலைதான் ப்ராசஸரைக் கொதிக்க வைக்கிறது.

இப்படிச் சுருக்க முடியும் என்று காட்டியதில் நம்ம ஊர்ப் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள். நாசிர் அஹமது, 1940-ல் பெங்களூரில் பிறந்தவர். கே. ஆர். ராவ், 1952-ல் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்து முடித்தவர். இரண்டு பேருமே 1966-ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார்கள். அஹமது கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும், ராவ் டெக்சாஸின் ஆர்லிங்டனுக்கும் போனார்கள்.

1972-ல் அஹமது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு ஒரு திட்டம் எழுதிப் போட்டார். கொசைன் அலைகளை வைத்துப் படத்தைச் சுருக்கலாம் என்பது யோசனை. பணம் கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பது ஒரு மதிப்பீட்டாளரின் குறை. பின்னாளில் அஹமதே இதை எழுதியிருக்கிறார். 1973 கோடை முழுக்க அவர் சம்பளம் இல்லாமல் அதில் உட்கார்ந்தார், கூட டி. நடராஜன் என்ற ஆராய்ச்சி மாணவர். 1974 ஜனவரியில் அஹமது, நடராஜன், ராவ் மூவர் பெயரிலும் கட்டுரை வந்தது. நாலே பக்கம். ஜேபெக் படமும் எம்பெக் வீடியோவும் அந்த நாலு பக்கத்தின் மேல் நிற்கின்றன. கிண்டியில் படித்த எத்தனை பேருக்கு ராவ் பெயர் தெரியும்? நான் பி.இ. படித்த நாலு வருஷத்தில் ஒரு வாத்தியார்கூடச் சொல்லவில்லை. ராவ் 2021-ல் காலமானார்.

அந்த எளிய யோசனை என்ன? பட்டுச் சேலையின் உடலை எடுத்துக்கொள்ளுங்கள். அரக்கு நிறம் என்றால் அரக்குதான். ஒவ்வொரு இழையாக "இது அரக்கு, இதுவும் அரக்கு" என்று எழுதத் தேவையில்லை. ஒரு தடவை சொன்னால் போதும். பார்டரும் புட்டாவும் வருகிற இடத்தில் மட்டும் விவரம் வேண்டும். படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் "பொதுவான நிறம் இவ்வளவு, ஏற்ற இறக்கம் இவ்வளவு, நுணுக்கம் இவ்வளவு" என்று மாற்றி எழுதினால், நுணுக்கத்தில் பெரும்பாலும் பூஜ்யமே வரும். பூஜ்யங்களை எழுதவே வேண்டாம்.

(தறி என்று ஆரம்பித்தாலே ஜக்கார்டு அட்டை, பாபேஜ், கம்ப்யூட்டர் என்று ஒரு கதை வரும். அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.)

சிக்கல் என்னவென்றால் இந்த மாற்றத்துக்குப் பெருக்கல் நிறைய வேண்டும். எட்டு எண்ணை மாற்ற, நேராகச் செய்தால் 64 பெருக்கல். அன்றைய மெஷின்களில் பெருக்கல் ரொம்ப விலை. 1977-ல் வென்-சியுங் சென், ஸ்மித், ஃப்ராலிக் மூவரும் அதை 16-க்குக் கொண்டுவந்தார்கள். 1989-ல் லோஃப்லரும் கூட்டாளிகளும் 11. எட்டு எண்ணுக்கு 11-க்குக் கீழே போகவே முடியாது என்று கணிதத்தில் நிரூபணமும் வந்துவிட்டது.

எச்.264 தரம் 2003-ல் வந்தபோது வேறு வழியில் போனார்கள். அதே கொசைனை ஏன் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும், கிட்டத்தட்ட அதுபோல நடக்கிற ஒன்று போதாதா? நாலுக்கு நாலு கட்டம், அதில் 1, 2 என்ற எண்கள் மட்டும். இரண்டால் பெருக்குவது கம்ப்யூட்டருக்குப் பெருக்கலே இல்லை, பிட்டுகளை ஒரு இடம் நகர்த்தினால் முடிந்தது. ஆக மையமான மாற்றத்தில் பெருக்கல் பூஜ்யம். 64, 16, 11, 0. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது, மறைப்பானேன்.

அப்புறம் ஏன் மாமாவின் கம்ப்யூட்டர் கொதிக்கிறது? மிச்சம் பிடித்ததை எல்லாம் வேறு இடத்தில் செலவு செய்துவிட்டார்கள். எச்.264 முந்தின படத்திலிருந்து எந்தத் துண்டு எங்கே நகர்ந்தது என்று கால் பிக்சல் அளவில் பார்க்கும், கட்டங்களின் ஓரத்தைத் தேய்த்துச் சமன் செய்யும், கடைசியில் பிட்டுகளைப் பொதிவதற்கும் கனமான கணக்கு. கோப்பு சின்னதாச்சு, பிரிக்கும் வேலை பெருத்தது. 2013-ல் வந்த எச்.265-ல் இது இன்னும் அதிகம். கூடவே பிக்சலும் ஏறிக்கொண்டே போனது.

இன்னொரு பக்கம், எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். இங்கிலாந்தில் ஃபிலிப் கூம்ப்ஸ் என்பவரின் கராஜிலிருந்து மின் கருவிகள் திருடு போயின. 2002-ல் அவர் தனக்காக எழுத ஆரம்பித்ததுதான் ஸோன்மைண்டர். பேரிலேயே இருக்கிறது விஷயம்: படம் முழுக்க வேண்டாம், நான் கோடு போட்ட பகுதியில் அசைவு இருக்கிறதா என்று பார். பின்னால் வந்த ஃப்ரிகேட் இன்னொரு படி போகிறது. முதலில் மலிவான அசைவுச் சோதனை, அசைவு இருந்தால் மட்டும் அந்தத் துண்டை எடுத்து "இது ஆளா, நாயா" என்று கேட்கும் விலையுயர்ந்த சோதனை.

ப்ராசஸர் செய்பவர்களும் சும்மா இருக்கவில்லை. 2011-ல் இன்டெல் தன் சிப்புக்குள்ளேயே வீடியோ பிரிக்க என்று ஒரு தனிப் பகுதியை வைத்தது, பெயர் க்விக் சிங்க். பொது வேலை செய்கிற ப்ராசஸர் ஒதுங்கிக்கொள்ளலாம்.

இங்கேதான் மாமா வீட்டுப் புதிர் அவிழ்ந்தது. அவர் மெஷின் நாலாம் தலைமுறை ஐ3. அதன் வீடியோ பகுதிக்கு எச்.264 தெரியும், எச்.265 தெரியாது. கேமராக்கள் நாலும் வாங்கி வந்தபடியே எச்.265-ல் இருந்தன. சிப்பில் அந்தத் தனிப் பகுதி வேலையில்லாமல் உட்கார்ந்திருக்க, ப்ராசஸர் தனியாக 36 கோடி பிக்சலைப் பிரித்துக்கொண்டிருந்தது. கேமரா செட்டிங்கில் எச்.264 என்று மாற்றி, சாஃப்ட்வேரில் ஹார்டுவேர் டீகோடிங்கைப் போட்டதும் 95 சதவீதம் பாதிக்குக் கீழே வந்தது. இதற்கு விலை உண்டு: ஹார்டு டிஸ்க் சீக்கிரம் நிரம்பும். மாமாவுக்கு 30 நாளுக்குப் பதில் 18 நாள் ரெக்கார்டிங்தான் நிற்கிறது. அவருக்கு அது போதும். கடை வைத்திருப்பவருக்குப் போதாமல் இருக்கலாம்.

அடுத்தது, பதிவு செய்வதற்குப் பிரிக்கவே வேண்டாம். கேமரா அனுப்பும் பொட்டலத்தை அப்படியே டிஸ்கில் போடலாம். சாஃப்ட்வேர் அதைப் பிரித்து, மறுபடி சுருக்கி எழுதிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். பிரிக்க வேண்டியது அசைவு பார்க்க மட்டும். அதற்கு 2560 எதற்கு? இப்போதைய கேமராக்கள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு ஓடை தருகின்றன. சின்ன ஓடையை 640க்கு 360, வினாடிக்கு 5 படம் என்று வைத்து, அசைவுச் சோதனையை அதில் ஓட்டினேன். நாலு கேமராவுக்கும் சேர்த்து வினாடிக்கு 46 லட்சம் பிக்சல். முன்பு இருந்ததில் சரியாக எண்பதில் ஒரு பங்கு. அசைவு தெரிந்தால் டிஸ்கில் நிற்பது பெரிய ஓடைதான், முகம் தெளிவாகத் தெரியும்.

கடைசியாக ஸோன். தறிக்கூடத்துக் கேமராவுக்குப் பகல் முழுக்க அசைவுதான், நாடா ஓடுகிறதே! வாசல் கேமராவுக்கு விடியற்காலையில் தெருவில் பாவு விரிக்கிற கூட்டம். தறியையும் தெருவையும் மறைத்து, பீரோ, கதவு, கொல்லைச் சுவரின் மேல் விளிம்பு மூன்றுக்கு மட்டும் கோடு போட்டேன். எங்கே போட வேண்டும் என்று சொன்னது மாமா. கொல்லைச் சுவரில் எந்த இடத்தில் கால் வைத்து ஏறலாம் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியுமாம். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து பார்த்தால் 20 சதவீதம். இன்னும் குறைய வேண்டுமே என்று தேடினால், நாலு கேமராவையும் கட்டம் கட்டிக் காட்டும் ஜன்னல் திரையில் திறந்தபடி இருக்கிறது. பெரிய ஓடையில், நாள் முழுக்க. மூடிவிட்டேன். 9 சதவீதம். ஃபேன் சத்தமே இல்லை.

ராத்திரி சாப்பிட்டு வந்து பார்க்கிறேன், ஜன்னல் மறுபடி திறந்திருக்கிறது.

"மூடிட்டா எனக்கு அது ஓடுதா இல்லையான்னே தெரியலப்பா" என்றார் மாமா. அந்த ஜன்னலையும் சின்ன ஓடைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். 11 சதவீதத்தில் ஓடுகிறது.