நாலடி பத்தங்குலம்

கதை எழுதுகிறவனுக்குப் பெயர் விஷயத்தில் ஒரு பலவீனம் உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தபோது பத்திரிகைக் காரியாலயத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறு அத்தியாயம் நடமாடிய ஒரு பாத்திரத்தின் பெயரை மாற்றிவிட வேண்டுமாம். அதே பெயரில் யாரோ பெரிய மனிதருக்கு மைத்துனர் ஒருவர் இருக்கிறாராம். மாற்றினேன். அன்றோடு அந்த ஆசாமி என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். என்ன எழுதினாலும் அவர் வாயில் பொருந்தவில்லை. கடைசியில் அவருக்கு வடக்கே உத்தியோக மாற்றம் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் மேலே கதையை நகர்த்த முடிந்தது.

காகிதத்தில் பிறந்த மனிதனுக்கே இப்படியென்றால், ரத்தமும் சதையுமாய் இருக்கிறவனிடம் சர்க்கார் வந்து, "நாளை முதல் உன் பெயர் இது அல்ல" என்றால் எப்படி இருக்கும்? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு நயீம் ஞாபகம் வருகிறது.

நயீம் பிறந்தது 1967-ம் வருஷம் ஜனவரி மாதம், பல்கேரியாவின் தெற்கே, மலைப்பாங்கான கர்ட்ஜாலிப் பகுதியில். துருக்கி மொழி பேசும் முஸ்லிம் குடும்பம். அந்த வட்டாரத்தில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். துருக்கி சுல்தான்கள் ஆண்ட காலத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தவர்கள். பையன் வளர்ந்தான் என்று சொல்வது அவ்வளவு சரியல்ல. நாலடி பத்தங்குலத்தோடு நின்றுவிட்டான். ஆனால் பளு தூக்கும் கலையில் குள்ளமாக இருப்பது ஒரு சௌகரியம். இரும்பைக் கொண்டுபோக வேண்டிய தூரம் குறைவு அல்லவா? பல்கேரியாவோ அந்தக் கலையைப் பட்டாளம் மாதிரிப் பயிற்றுவித்த தேசம். இவான் அபாஜியேவ் என்ற பயிற்சியாளர் தம் பிள்ளைகளை ஒரே நாளில் பல தடவை, முழுப் பளுவோடு, தூக்க வைப்பார். அந்தப் பட்டறையில் அடிபட்டுத் தேறிய நயீம் பதினாறாவது வயதிலேயே பெரியவர்களின் உலக சாதனையை முறியடித்தான். 1984-ல் தன் உடல் எடையைப் போல் மூன்று மடங்கைத் தலைக்கு மேல் தூக்கினான். உலகத்தில் அதைச் செய்த இரண்டாவது மனிதன் அவன். அந்த வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக் நடந்தது. சோவியத் கூட்டாளிகள் போகவில்லை. அதனால் அவனும் போகவில்லை.

அந்த வருஷக் கடைசியில்தான் பெயர் விவகாரம் ஆரம்பித்தது. பல்கேரியாவில் துருக்கியர் என்று யாரும் இல்லை, எல்லோரும் பல்கேரியரே என்று சர்க்கார் தீர்மானித்துவிட்டது. சிப்பாய்கள் கிராமங்களைச் சுற்றி வளைத்தார்கள். அதிகாரிகள் புதுப் பெயர்களோடு வந்தார்கள். சில மாதங்களுக்குள் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் மாற்றப்பட்டன. எதிர்த்தவர்களில் சிலர் சுடப்பட்டு இறந்தார்கள். தெருவில் துருக்கி மொழி பேசினால் அபராதம். செத்துப்போனவர்களைக்கூட விடவில்லை, பதிவேடுகளில் அவர்கள் பெயரையும் திருத்தினார்கள். நயீம் சுலைமானோவ், நவும் ஷலமனோவ் ஆனான்.

யோசித்துப் பாருங்கள். 1985-ல் ஸ்வீடனில் உலக சாம்பியன் ஆகிறான், பதிவில் ஷலமனோவ். 1986 நவம்பரில் தலைநகரான சோபியாவிலேயே மறுபடி உலக சாம்பியன், அங்கேயும் ஷலமனோவ். மேடையில் நிற்பது யார் என்ற கேள்வி அவனுக்கே வந்திருக்காதா?

அடுத்த மாதமே போட்டிக்காக ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்துக்குப் போனான். போட்டி முடிந்து விருந்து நடந்தது. விருந்தின் நடுவே ஆளைக் காணோம். உள்ளூர்த் துருக்கியர்கள் சில நாள் ஒளித்து வைத்திருந்தார்கள். பிறகு துருக்கித் தூதரகத்தின் கதவைத் தட்டினான். லண்டன் வழியாக அங்காராவுக்குப் பயணம். பிரதம மந்திரி துர்குத் ஓசால் விமானம் அனுப்பி அழைத்துக்கொண்டார். அங்கே 'மகன்' என்ற பொருளுள்ள துருக்கி விகுதி சேர்ந்து, நயீம் சுலைமானோலு என்று பெயர் நிலைத்தது. பத்தொன்பது வயதுப் பையன். தாய் தந்தையரும் சகோதரர்களும் பல்கேரியாவில். அவர்களை நினைத்து எத்தனை இரவு விழித்திருப்பான் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

தேசம் மாறிய ஆட்டக்காரர் ஒலிம்பிக்கில் இறங்க வேண்டுமானால் பழைய தேசம் சம்மதிக்க வேண்டும். பல்கேரியா சம்மதித்தது. சும்மா அல்ல, துருக்கி பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது என்று செய்தி. பெயரைப் பிடுங்கிக்கொண்டதும் அல்லாமல் விலையும் வாங்கிக்கொண்டார்கள்! விற்றவர்கள் சாமர்த்தியசாலிகள் என்று அன்று யாரேனும் நினைத்திருந்தால், 1988 செப்டம்பர் 20-ம் தேதி சியோல் நகரத்தில் அந்த எண்ணம் மாறியிருக்கும்.

அந்தச் சலனப் படத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். 60 கிலோ பிரிவு. ஒரே இழுப்பில் தலைக்கு மேல் கொண்டுபோகும் 'ஸ்னாட்ச்' முதலில். தோளில் நிறுத்திப் பிறகு உயர்த்தும் 'ஜெர்க்' அப்புறம். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. ஸ்னாட்சில் 145, பிறகு 150.5, பிறகு 152.5. ஜெர்க்கில் 175, 188.5, கடைசியாக 190. ஆறு தடவை குனிந்தார், ஆறு தடவையும் நிமிர்ந்தார். 190 கிலோ என்றால் என்ன? நாலு சிமெண்டு மூட்டைக்குப் பத்துக் கிலோதான் குறைவு. நம் வீட்டு வாசலில் ஒரு மூட்டையை இறக்கவே இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

மொத்தம் 342.5 கிலோ. அடுத்த பெரிய பிரிவான 67.5 கிலோவில் தங்கம் பெற்றவரின் மொத்தமே 340தான். இரண்டாவது வந்தவர் 30 கிலோ பின்தங்கியிருந்தார். அவர் யார் தெரியுமா? பல்கேரியாவின் ஸ்டெபான் தோபுரோவ். நயீமுக்கு முன்னால், முதல் முதலாக, தன் எடையைப் போல் மூன்று மடங்கைத் தூக்கியவர். பாவம், அவர் என்ன செய்வார்! பல்கேரியக் கோஷ்டியில் இருவர் ஊக்க மருந்துச் சோதனையில் அகப்பட, மிச்சப் பேரும் பாதியிலேயே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அது வேறு கதை. அந்தக் காலத்துப் பளு தூக்கும் மேடைகளில் அந்த நாற்றமும் கலந்தே இருந்தது.

பெற்றோர் துருக்கிக்கு வந்து சேர அனுமதி கிடைத்தது. மறு வருஷம் கோடைக்காலத்தில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட துருக்கியர்கள் பெட்டி படுக்கையுடன் எல்லையைத் தாண்டினார்கள். அவர்களுக்காக யார் விமானம் அனுப்புவார்கள்? 1989 நவம்பரில் பல்கேரியாவின் தலைவர் ஷிவ்கோவ் பதவியிழந்தார். வருஷம் முடிவதற்குள் பெயர்களைத் திருப்பித் தரத் தீர்மானமாயிற்று.

1992 பார்சிலோனாவிலும் தங்கம். 1996 அட்லாண்டாவில்தான் அவருக்கு ஈடான எதிரி கிடைத்தார்: கிரேக்க தேசத்தின் வலேரியோஸ் லியோனிடிஸ். அவரும் பிறந்த மண்ணை விட்டு வந்தவரே. சோவியத் நாட்டில் பிறந்த கிரேக்கர். அந்த ஜனவரியில்தான் ஏகன் கடலில் ஒரு பாறைத் தீவுக்காகக் கிரேக்கமும் துருக்கியும் யுத்தத்தின் விளிம்புவரை போய்விட்டு வந்திருந்தன. நயீம் 185 தூக்கினார், உலக சாதனை. லியோனிடிஸ் 187.5 தூக்கி அதை முறியடித்தார். நயீமும் அதே 187.5-ஐத் தூக்கினார். லியோனிடிஸ் 190 கேட்டார், முடியவில்லை. இரண்டரைக் கிலோவில் தங்கம் கை மாறியது.

2000-ல் சிட்னிக்கும் போனார். போயிருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஸ்னாட்சில் 145 கிலோ. மூன்று தடவையும் தவறிவிட்டது. பிறகு தேர்தலில் நின்றார், தோற்றார். சிகரெட்டைத் தள்ளியவர் அல்ல, கல்லீரல் கெட்டது. 2017 நவம்பர் 18-ம் தேதி இஸ்தான்புல்லில் காலமானார். வயது ஐம்பதுதான்.

இறுதிச் சடங்குக்குக் கிரேக்க தேசத்திலிருந்து லியோனிடிஸ் வந்திருந்தார். துருக்கிக் கொடி போர்த்தியிருந்த பெட்டியின் அருகே போய், குனிந்து, அதை முத்தமிட்டார்.