தண்ணீருக்குள் ஒரு காற்றுத் திரை



1996 என்று நினைவு. ஒன்பதாம் வகுப்பில் ஒலி பாடம். காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர், நீரில் 1,500 மீட்டர் என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், தண்ணிக்குள்ள போற சத்தத்தை நிறுத்த முடியுமா?" என்றான். "பாடத்தில் இல்லாததைக் கேட்காதே, உட்கார்" என்றுவிட்டேன்.

அதே 1996-இல் ஹாங்காங்கில் அதைத்தான் செய்து பார்த்திருக்கிறார்கள். புதிய விமான நிலையத்துக்கு எரிபொருள் இறக்கும் துறை கட்ட, கடலடியில் தூண்களைச் சம்மட்டி இயந்திரத்தால் அடித்து இறக்கினார்கள். இளஞ்சிவப்பு ஓங்கில்கள் வாழும் கடல் அது. இரை தேடவும் வழி அறியவும் அவற்றுக்குக் காதுதான் கண். துளையிட்ட குழாயைத் தூணைச் சுற்றிப் போட்டுக் காற்றை அழுத்தி அனுப்ப, குமிழிகள் திரைபோல எழுந்தன. நீரில் வரும் ஒலி காற்றுக்குள் எளிதில் நுழையாது, பெரும்பகுதி திரும்பிவிடும். கொஞ்சத்தைக் குமிழிகள் அதிர்ந்து விழுங்கும். குறைந்தது 3 முதல் 5 டெசிபெல். அற்பமல்ல: 3 குறைந்தாலே ஒலியாற்றல் பாதி. மடக்கை மறக்கவில்லையே?

ஆனால் இதை வழக்கமாக்கியது ஜெர்மனியின் ஒரு நிபந்தனை. 2008 வாக்கில் வட கடல் காற்றாலைகளுக்கு விதித்தது: தூணிலிருந்து 750 மீட்டர் தள்ளி, ஓர் அடியின் ஒலி 160 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. (நீருக்கான டெசிபெல் கணக்கு வேறு, கோயில் ஒலிபெருக்கியோடு ஒப்பிட வேண்டாம்.) அன்று அந்த எண்ணை எட்டும் கருவி யாரிடமும் முழுமையாக இல்லை. 2009-இல் ஆல்ஃபா வென்டஸ் என்ற இடத்தில் 12 காற்றாலைகளுக்குத் தூண் அடித்தபோது, போர்பாய்ஸ் எனும் சிறு கடல் பாலூட்டிகள் 20 கிலோமீட்டர் வரை விலகிப் போயின.

விதியைத் தளர்த்தவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. பொறியாளர்கள்தான் மாறினார்கள். நீரோட்டம் குமிழிகளை இழுத்துச் சென்றதால் வளையத்தைப் பெரிதாக்கினார்கள். ஒன்று போதாத இடத்தில் இரண்டு போட்டார்கள். தூணுக்கே இரட்டைச் சுவர் எஃகுச் சட்டை மாட்டினார்கள். ஒரு கப்பல் நிறையக் காற்றழுத்தி இயந்திரங்கள்! சில ஆண்டுகளில் 160 எட்டக்கூடிய எண்ணானது.

கடைசி பெஞ்சுக்காரா, இதைப் படித்தால் கீழே ஒரு வரி எழுது. அன்று உன்னை உட்காரச் சொன்னது என் தப்பு.